திருச்சுழியை மையமாக வைத்து ஒரு வட்டம்

கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. கப்பலும் ஹெலிகாப்டரும் தேடுகின்றன. மூன்றாம் நாளும் தகவல் இல்லை. தொலைக்காட்சியில் இப்படி ஒரு செய்தி ஓடும்போது, அருப்புக்கோட்டைப் பக்கத்து டீக்கடையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “ஏன் அண்ணாச்சி, கடல்ல மரமா மட்டையா, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? வெட்டவெளியாத்தான கிடக்கு! ஒரு படகக் கண்டுபிடிக்க இத்தன நாளா?”

கரிசல் நிலத்துக்காரர் கேட்கிற நியாயமான கேள்வி இது. பருத்திமார் பிடுங்கிய பிறகு, கருவேல மரம் மறைக்காத இடத்தில் கண்மாய்க் கரைமேல் ஏறி நின்றால் தூரத்தில் ஆடு மேய்வதுகூடத் தெரிகிறது. அதைவிடச் சமதளமான கடலில் ஒரு படகு எப்படித் தொலைந்துபோகும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் இன்னொன்றும் புரியும். தேடி வருகிற ஆட்கள் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வேலைநிறுத்தம், மீன்பிடித் தடைக்காலம், ஒரே நேரத்தில் பல விபத்துகள் என்று அவர்கள் குறைந்துபோகும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கடலில் இருப்பவர் எதை நம்பலாம்?

கண்ணுக்கு எட்டும் தூரம்

பூமி உருண்டை என்பதால் பார்வைக்கு ஓர் எல்லை இருக்கிறது. படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருக்குத் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடும். 15 மீட்டர் உயரத்தில் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு அது 14 கிலோமீட்டர் வரை நீளும்.

ஆனால் தொடுவானம் தெரிவதும், அதற்குள் இருக்கிற சின்னப் பொருள் தெரிவதும் வேறு. அலையின் பள்ளத்தில் இறங்கும் படகு சில நொடிகள் மறைந்து, மறுபடி எழும். வெயில் நீரில் பட்டுத் தெறித்தால் ஒரு பக்கமே பார்க்க முடியாது. நீரில் மிதக்கும் மனிதனிடம் வெளியே தெரிவது தலை ஒன்றுதான். நல்ல வெளிச்சத்தில், அலை அடங்கிய நேரத்தில்கூடச் சில நூறு மீட்டர் தாண்டினால் அந்தத் தலை கண்ணில் படாது.

இது விடையின் சிறிய பாதி. பெரிய பாதி, கடல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதில் உள்ளது.

ஒரு படகு, ஒரு வட்டம்

திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறு, கமுதியைக் கடந்து மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. அங்கிருந்து ஒரு ஃபைபர் படகு மூன்று பேருடன் கிளம்பியதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு எஞ்சின் நின்றுவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்திலேயே நிற்காது. நீரோட்டம் இழுக்கும், காற்று தள்ளும். இந்த ஓட்டத்தை ‘நகர்வு’ என்று சொல்வோம். நம் படகின் நகர்வு மணிக்கு 2 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். மனிதர் நடக்கும் வேகத்தில் பாதிதான். எந்தத் திசையில் போகிறது என்று கரையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே படகு இருக்கக்கூடிய இடம் முழுவதும் ஒரு வட்டமாகிறது. அதன் பெயர் ‘தேடுபரப்பு’.

கடலில் வட்டம் வரைந்தால் அதன் அளவு மனதில் நிற்காது. அதனால் அந்த வட்டத்தைத் தூக்கி நம் மண்ணில் வைக்கிறேன். எஞ்சின் நின்ற இடம் திருச்சுழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஆனதும் வட்டத்தின் ஆரம் 2 கிலோமீட்டர். பரப்பு பன்னிரண்டரைச் சதுர கிலோமீட்டர். ஊரும் ஊரைச் சுற்றியுள்ள புஞ்சைகளும் அதற்குள் அடங்கும்.

நள்ளிரவில், அதாவது ஆறு மணி நேரம் கழித்து, ஆரம் 12 கிலோமீட்டர். மேற்கே அருப்புக்கோட்டை வட்டத்துக்குள் வந்துவிட்டது. பரப்பு 450 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

மறுநாள் மாலை 6 மணிக்கு ஆரம் 48 கிலோமீட்டர். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, கமுதி, முதுகுளத்தூர், மானாமதுரை, பரமக்குடி எல்லாம் உள்ளே. வடக்கே மதுரையும் உள்ளே. தெற்கு விளிம்பு சாயல்குடியைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் நிஜக் கடலே வந்துவிடும். பரப்பு 7,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். விருதுநகர் மாவட்டம் முழுவதும் சுமார் 4,240 சதுர கிலோமீட்டர்தான்.

இத்தனை ஊர்களுக்கு நடுவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு படகைத் தேட வேண்டும். அந்தப் படகும் நகர்ந்துகொண்டே இருக்கும். டீக்கடைக் கேள்விக்கு இதுதான் விடை. கடலில் மறைப்பு இல்லை என்பது உண்மை. அங்கே ஒளித்துவைக்கும் வேலையை நேரம் செய்கிறது.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேரம் இரண்டு மடங்கானால் பரப்பு இரண்டு மடங்கோடு நிற்காது, நான்கு மடங்காகிவிடும். நேரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. வட்டம் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் வளர்வதால் இப்படி ஆகிறது.

ஒரு கப்பல் எவ்வளவு தேடும்?

தேடும் கப்பல் வயலில் உழுவதைப் போல இணையான கோடுகளில் போய்வரும். இருபுறமும் ஒரு கிலோமீட்டர் வரை நம் படகு கண்ணில் படும் என்றால், கப்பல் போகும் வழியெங்கும் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு ‘பார்வைப்பட்டை’ விழுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் 40 சதுர கிலோமீட்டர் பார்த்து முடிக்கலாம்.

முதல் மணி நேரத்து வட்டத்துக்கு இருபது நிமிடம் போதும். நள்ளிரவு வட்டத்துக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் மாலை வட்டத்துக்கு 180 மணி நேரம், ஏழரை நாள். அதற்குள் வட்டம் எங்கேயோ போயிருக்கும்.

படகைக் கைவிட்டு மூவரும் கரை நோக்கி நீந்தத் தொடங்கினார்கள் என்றால்? தலை மட்டும்தான் தெரியும். இருபுறமும் நூறு மீட்டருக்குக் கண்டாலே அதிர்ஷ்டம். பார்வைப்பட்டை பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. இருபது நிமிடத் தேடல் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். கவிழ்ந்தாலும் படகைப் பிடித்துக்கொண்டே இரு என்று கடற்கரை ஊர்ப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குள் இந்தக் கணக்கு இருக்கிறது.

நான் போட்டது எளிமையாக்கிய கணக்கு. உண்மையில் நகர்வுக்குத் திசை உண்டு. ஆனி, ஆடியில் மேற்குக் காற்றான கச்சான் பலமாக அடிக்கும்போது எஞ்சின் நின்ற படகு கிழக்கே, இலங்கைப் பக்கம் தள்ளப்படும். 1976 ஒப்பந்தப்படி மன்னார் வளைகுடாவில் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அது வேறு விதமான ஆபத்து. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம், ‘சாராட்’ என்ற கணினிக் கருவியை 2016இல் கொண்டுவந்தது. கடைசியாகத் தெரிந்த இடம், நேரம், தொலைந்தது மனிதரா படகா என்பதைக் கொடுத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து எந்தப் பக்கம் தேடலாம் என்று அது காட்டும். முழு வட்டத்தில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். ஆனால் கடைசி இடமும் நேரமும் யாராவது கொடுத்தால்தான் இந்தக் கருவி வேலை செய்யும்.

ஆட்கள் குறையும் நாளின் கணக்கு

இப்போது வேலைநிறுத்தத்துக்கு வருவோம். வழக்கமான நாளில் நான்கு மீட்புப் படகுகள் தயாராக இருக்கின்றன. தகவல் ஆறு மணி நேரம் தாமதமாக வருகிறது. 450 சதுர கிலோமீட்டரை நான்கு படகுகள் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 113.

இன்னொரு நாள். வேலைநிறுத்தம். இரண்டு படகுகள்தான் இருக்கின்றன. ஆனால் தகவல் மூன்றே மணி நேரத்தில் வந்துவிட்டது. மொத்தப் பரப்பு 113. படகுக்கு 56 சதுர கிலோமீட்டர். பாதிப் படைக்குப் பாதி வேலைதான்.

ஒரே ஒரு படகுதான் மிஞ்சியிருக்கிறது, தகவல் இரண்டு மணி நேரத்தில் வந்தது என்றால்? பரப்பு 50. தாமதமாக அழைக்கப்பட்ட நான்கு படகுகளில் ஒவ்வொன்றுக்கும் விழுந்த வேலையில் பாதிகூட இந்தத் தனிப் படகுக்கு இல்லை.

தேடுகிற ஆட்கள் குறைந்தால் வேலை அதே விகிதத்தில்தான் கூடும். தாமதம் கூடினால் வேலை அதைவிட வேகமாகப் பெருகும். முன்னது கடலில் இருப்பவர் கையில் இல்லை; பின்னதில் பெரும்பகுதி அவர் கையிலும், கரையில் காத்திருப்பவர் கையிலும் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தக் கணக்கு நினைவில் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காதுகள் தூங்கும்போது

அப்படியானால் மீட்புப் பணியில் ஆட்களைக் குறைத்துக்கொள்ளலாமே என்று ஓர் அதிகாரி கேட்கலாம். கூடாது. மீட்புப் பணியில் கைகளும் உண்டு, காதுகளும் உண்டு. காதுகள் குறைந்தால் தாமதம் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

2008 மார்ச்சில் பிரிட்டனில் கடலோரக் காவல் அலுவலர்கள் ஊதியக் கோரிக்கைக்காக ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே உயிர்காப்புப் படகுகளை ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1824 முதல் இயங்கிவரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலர்கள். அவர்கள் வேலைநிறுத்தத்தில் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அபய அழைப்பைக் கேட்டு, யார் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள்தான் வெளியே வந்தார்கள். கைகள் அப்படியே இருக்க, காதுகள் குறைந்தன.

காது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1912 ஏப்ரல் 14 இரவு சாட்சி. டைட்டானிக் மூழ்கும்போது கலிஃபோர்னியன் என்ற கப்பல் அருகில்தான் நின்றது. அதில் கம்பியில்லாத் தந்தி கேட்க ஒரே ஒருவர்தான் இருந்தார். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பில் அவர் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அவர்மேல் பழி போடுவது தகாது. ஒரே மனிதரை வைத்துக் கப்பல் நடத்திய ஏற்பாட்டின் குறை அது. 1914இல் உருவான கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் இரவும் பகலும் கேட்கும் ஏற்பாட்டை வலியுறுத்தியது. 1999 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலக அபய அழைப்பு முறையில், பெரிய கப்பல்களின் கருவிகள் தாமாகவே கேட்டு மணி அடிக்கின்றன. ஒரு காது தவறவிட்டால் இன்னொன்று கேட்கும்.

நம் கரையில் வேலைநிறுத்தம் யாருடையது?

இந்தியக் கடலோரக் காவல்படை 1978 சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படை. அங்கே வேலைநிறுத்தம் கிடையாது. ஆனால் நம் கடலிலும் உதவி திடீரென்று குறையும் நாட்கள் உண்டு. அதற்குக் காரணம் வேறு.

கடலில் தத்தளிப்பவரை முதலில் சென்றடைவது பெரும்பாலும் பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு படகுதான். இலங்கைக் கடற்படையினர் மீனவர்களைக் கைது செய்யும்போது ராமேசுவரம் விசைப்படகு மீனவர்கள் அடிக்கடி வேலைநிறுத்தம் அறிவிக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயமான வேதனை இருக்கிறது. அந்த நாட்களில் நூற்றுக்கணக்கான படகுகள் கரையில் நிற்கின்றன. கடலில் கண்களும் கைகளும் அவ்வளவு குறைகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் இதே நிலைதான். விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகுகள் போகும். நாட்டுப்படகில் எஞ்சின் நின்றால் வழக்கமாக அந்தப் பக்கம் வரும் விசைப்படகு அன்று வராது.

2017 ஒக்கிப் புயல் இதை இன்னும் கொடூரமாகக் காட்டியது. நவம்பர் 29ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக்கடலில் புயலானது. ஆழ்கடலில் பல நாட்கள் தங்கி மீன்பிடிப்பவர்கள் முன்பே வெகுதூரம் போயிருந்தார்கள். அவர்களில் பலரை எட்டும் தகவல் கருவி இல்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. ஆனால் பல இடங்களில் ஒரே நேரத்தில் தேட வேண்டியிருந்தது. அரசின் தேடல் போதவில்லை என்று மனம் வெந்து, கேரளக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே போய்ப் பலரை மீட்டு வந்தார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

வட்டம் வளராமல் பிடிப்பது

கடலுக்குக் கிளம்பும்முன் கரையில் ஒருவரிடம் நான்கு விவரங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: எந்தப் பக்கம் போகிறோம், படகில் எத்தனை பேர், எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் ஆனால் அழைக்க வேண்டும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். ஏனென்றால் கரையில் வீணாகும் நேரம் பெரும்பாலும் “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்ற தயக்கத்தில் போகிறது. டீசல் தீர்ந்திருக்கும், வேறு துறையில் ஒதுங்கியிருப்பார்கள், வீணாகப் பதறினால் நாலு பேர் ஏதாவது சொல்வார்கள். அழைக்க வேண்டிய நேரத்தை முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த முடிவை யாரும் பதற்றத்தில் எடுக்க வேண்டியதில்லை. கடலோரக் காவல்படையின் எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. வி.எச்.எஃப். கருவி வைத்திருப்பவர்களுக்கு 16ஆம் அலைவரிசை.

ஜி.பி.எஸ். கருவி இருந்தால் எஞ்சின் நின்ற நிமிடத்திலேயே இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். படகு மெதுவாக நகர்ந்தால் வட்டமும் மெதுவாகவே வளரும். வலையையோ கயிறு கட்டிய வாளியையோ முகப்பிலிருந்து நீருக்குள் விட்டால், காற்று தள்ளும் வேகம் குறையும், படகின் மூக்கும் அலையை நேராகப் பார்க்கும்.

நம் கடலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டைட்டானிக் மூழ்கிய இடத்து நீர் உறைநிலையில் இருந்தது. விழுந்தவர்கள் சீக்கிரமே குளிரில் இறந்தார்கள். மன்னார் வளைகுடா வெதுவெதுப்பான கடல். பிடித்து மிதக்க ஏதாவது இருந்தால் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கலாம். இங்கே கொல்வது தாகமும் வெயிலும். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அதைக் குடித்தால் உப்பை வெளியேற்ற உடல் தன்னிடம் உள்ள நீரையும் செலவழிக்கும், தாகம் கூடும். குடிநீர்க் கேனைப் பாரம் என்று வீசிவிடக் கூடாது. கடல்நீரைவிட நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால், நிரம்பிய கேன்கூடக் கடலில் மூழ்காது.

மாரியூருக்கு வேனில் போகிறவர்களுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களில் பெரும்பாலோர் படகில் ஏறப்போவதில்லை. ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரைக்கும் மாரியூருக்கும் ராமேசுவரத்துக்கும் போய்க் குளிப்பார்கள். கரையோரத்தில் மூழ்குகிறவர் விஷயத்தில் மேலே சொன்ன வட்டம் எதுவும் இல்லை. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முழுப் பலத்தோடு இருக்கும் காவல்படையால்கூட அதற்குள் வர முடியாது.

கிணற்றில் நீச்சல் பழகியவருக்குக் கடல் புதிது. கிணற்றில் நான்கு கை வீச்சில் படிக்கட்டு கிடைக்கும். கடலில் சில இடங்களில் கரைக்கு வந்த நீர் ஒரு குறுகிய தடத்தில் சேர்ந்து மறுபடி உள்ளே ஓடும். அதை எதிர்த்து நீந்தினால் சோர்வுதான் மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் தடத்தை விட்டு வெளியேறலாம். அதுவும் முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டலாம்.

கரையில் நிற்பவர் உள்ளே குதிக்கக் கூடாது. மூழ்குகிறவர் தம்மை அறியாமல் கட்டிப்பிடிப்பார். இரண்டு உயிர் போகும். தண்ணீர் எடுத்துப் பழகிய நம் ஊர் வேனில் பிளாஸ்டிக் கேன் இல்லாமல் இருக்காது. மூடியை இறுக்கிய காலி 5 லிட்டர் கேன் நீரில் கிட்டத்தட்ட 5 கிலோ எடையைத் தாங்கும். ஒருவரின் தலையை நீருக்கு மேல் நிறுத்த அதுவே போதும். உள்ளே அரை லிட்டர் தண்ணீர் விட்டால் காற்றில் திசை மாறாமல் எறியலாம். கயிறு கட்டி எறிந்தால் இன்னும் நல்லது.

பதில் வரும் பெட்டி

செல்போன் சிக்னல் எட்டாத தூரத்துக்கு இஸ்ரோ ஒரு கருவி செய்திருக்கிறது. 2010 முதல் பயன்பாட்டில் உள்ள அதை ‘அபய அறிவிப்புக் கருவி’ எனலாம். பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடமும், தீயா, மூழ்குதலா, நோயா என்ற விவரமும் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவில் உள்ள மையத்துக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு வரும். நம் கணக்கில் சொன்னால், ஆறு மணி நேர வட்டம் சில நிமிட வட்டமாகிவிடும்.

பழைய கருவியில் ஒரு குறை இருந்தது. அழுத்தியவருக்குத் தம் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. இருட்டில், அலையில், யாரும் கேட்கவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் மனிதர் படகை விட்டு இறங்கி நீந்தத் துணிகிறார்கள். அந்த நொடியில் பார்வைப்பட்டை பத்தில் ஒன்றாகிவிடுகிறது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்தது, உதவி வருகிறது என்று படகுக்கே பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலைப் பார்த்தவர் படகிலேயே இருப்பார். தேடி வரும் ஒரே கப்பலுக்கும் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே படகு தெரியும்.